கரணையும் கன்றும் மட்டும் போதுமா?

காவிரிக்கரையிலுள்ள மோகனூர் மண்ணில் விளைவது என்ன என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் நான்கைச் சொல்வார்கள். ஆற்றங்கரையில் வாழையும் வெற்றிலையும், வாய்க்கால் பாயும் இடமெல்லாம் கரும்பு, மேட்டுக்காட்டில் மரவள்ளி. இந்த நான்குக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒன்றுகூட விதை போட்டு முளைப்பதில்லை. வாழைக்குப் பக்கக்கன்று, கரும்புக்குக் கரணை, வெற்றிலைக்கு விதைக்கொடி, மரவள்ளிக்குக் குச்சி. வெட்டி நட்டால் வந்துவிடும். பூக்க வேண்டியதில்லை, பூத்தாலும் அந்தப் பூவைத் தேடி ஒரு ஈ, எறும்பு வர வேண்டியதில்லை. கரும்பு பூத்துவிட்டால் தோட்டக்காரருக்குக் கவலைதான் மிச்சம்.

ஆகவே இந்த ஊரில் போய் மகரந்தச் சேர்க்கை, தேனீ, வண்ணத்துப்பூச்சி என்று பேச்செடுத்தால், "பூச்சியா? அதுக்கு மருந்து வாங்கியே காசு கரையுதுங்க" என்ற பதில் வருவதில் வியப்பில்லை. தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனித குலம் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நெல், கோதுமை, சோளம், கம்பு எல்லாம் காற்றிலோ தம் மகரந்தத்திலோ மணி பிடிப்பவை. தேனீ இல்லாவிட்டாலும் சோறு இருக்கும். இப்படிப் பயமுறுத்தும் பேச்சால்தான் விவசாயி இந்த விஷயத்தையே காதில் போட்டுக்கொள்வதில்லை என்று தோன்றுகிறது.

பயமுறுத்தாமல் கணக்குப் பார்ப்போம். உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று பங்கு, விளைச்சலிலோ தரத்திலோ விதையிலோ ஏதோ ஓர் அளவுக்கு மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருக்கின்றன என்று 2016இல் ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் அறிவியல் மன்றம் அறிக்கை கொடுத்தது. எடைபோட்டுப் பார்த்தால் அந்தப் பயிர்களின் பங்கு, மொத்த உணவு உற்பத்தியில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். இது பயிர்க் கணக்கு. காட்டுச் செடிகளையும் சேர்த்தால் கதை வேறு. பூக்கும் தாவரங்களில் 87.5 சதவீதம் விலங்குகளால் மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன என்று 2011இல் ஜெஃப் ஓலர்ட்டன் குழு கணக்கிட்டது. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அது 94 சதவீதம்.

மோகனூரின் நான்கு பயிர்களும் அந்த 94 சதவீதத்துக்கு வெளியே நிற்பதுபோலத் தெரிகின்றன. உண்மையில் நிற்கின்றனவா?

கொடிக்காலுக்குள்

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து வரும் ராஜா, குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள்தான் பரமத்தி வேலூர் முதல் மோகனூர் வரை காவிரியின் வடகரையைப் பச்சையாக வைத்திருப்பவை. அந்தத் தண்ணீரில் வளரும் பயிர்களில் கொடிக்காலுக்குத் தனி மதிப்பு. கற்பூரி, வெள்ளைக்கொடி என்று ரகம் பிரித்து, கவுளி கவுளியாக அடுக்கி, 104 கவுளியை ஒரு சுமையாகக் கட்டி வேலூர் சந்தைக்கு ஏற்றுவார்கள். ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்தும் நாமக்கல் இங்கிருந்து பக்கம்தான்.

வெற்றிலைக்கு விதை தேவையில்லை, சரி. கொடி எதில் ஏறுகிறது? அகத்தியில். பாத்தி கட்டி முதலில் போடுவது அகத்தி விதை. அகத்தி கொஞ்சம் தலையெடுத்த பிறகே அதன் அடியில் விதைக்கொடி பதிப்பார்கள். கொடி ஏற ஏற வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டுவதும், ஆண்டுக்கொரு தரம் இறக்கிக் கட்டுவதும் தனித் திறமை. வெற்றிலைக்கு நிழல் அகத்தி தருவது. மண்ணுக்குத் தழைச்சத்தும் மாட்டுக்குத் தழையும் அகத்தி தருபவை. சில ஆண்டுகளில் கொடிக்காலை அழித்துப் புதிதாகப் போடும்போது மறுபடியும் விதை வேண்டும். விதைக்காகவே ஓரத்தில் சில மரங்களை உச்சி ஒடிக்காமல் விட்டுவைப்பவர்கள் உண்டு.

அந்த மரத்தின் அடியில் காலையில் நின்று பாருங்கள். விரல் நீளத்துக்கு வெள்ளைப் பூ, அரிவாள்போல வளைந்து தொங்கும். ஊதாத் தேன்சிட்டு ஒன்று கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலகை உள்ளே விடும். பூவின் அடியிலுள்ள தேன், சாதாரணப் பூச்சிக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. சிட்டின் முகத்தில் மகரந்தத் தூள் அப்புகிறது. அடுத்த மரத்துக்குப் போனதும் அங்குள்ள சூல்முடியில் அது படிகிறது. சிட்டு நகர்ந்தால் தேனீ இனமான கருவண்டு வரும். அதுவும் பருத்த உடம்புக்காரன். பூவைத் தள்ளித் திறக்கும் பலம் உண்டு. இவை இரண்டும் செய்துவிட்டுப் போன வேலைதான் ஒரு முழம் நீளத்துக்குத் தொங்கும் காய். அந்தக் காயின் விதைதான் அடுத்த கொடிக்காலின் கால்.

ஆக, விதையே வேண்டாத வெற்றிலை ஒரு விதையின் தோளில் ஏறி நிற்கிறது. அந்த விதையோ தேன்சிட்டின் தயவில். சூழலியல் பாடத்தில் இதை மறைமுகச் சார்பு என்பார்கள். கொடிக்காலின் கூலிக் கணக்கில் தேன்சிட்டுக்கு வரி எதுவும் இல்லை.

ஆற்று நாணலின் மகரந்தம்

கரும்புக்கு வருவோம். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது மோகனூரில். ஆலைக்குப் போகும் கட்டுக் கரும்பில் பல ஆண்டுகளாகப் பெரும்பங்கு வகித்த ரகம் கோ 86032. 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த காரியம் உலகக் கரும்பின் தலையெழுத்தையே மாற்றியது. தடித்த, சாறு மிகுந்த நாட்டுக் கரும்பை, ஆற்றோரத்தில் கேட்பாரற்று முளைக்கும் காட்டு நாணலோடு மகரந்தச் சேர்க்கை செய்தார்கள். 1918இல் கோ 205 வந்தது. இனிப்பு ஒரு பெற்றோரிடமிருந்து, வறட்சியையும் நோயையும் தாங்கும் உரம் மற்றொரு பெற்றோரிடமிருந்து. காவிரி மணலில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அதே நாணல் இனம்தான்.

கரும்பின் மகரந்தம் காற்றில் போவது; பூச்சிக்கு அங்கே வேலையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கரணை எத்தனை தலைமுறை நட்டாலும் அதே கரும்பைத்தான் தரும், புதிதாக ஒன்றைத் தராது. புது நோய் வந்தால் புது ரகம் வேண்டும்; புது ரகத்துக்குப் பூவும் மகரந்தமும் வேண்டும்.

வாழையில் இது இன்னும் கூர்மை. நாம் தின்னும் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி எல்லாம் மகரந்தம் படாமலேயே காய்ப்பவை. ஆகவேதான் விதை கிடையாது. காட்டு வாழைப்பழத்தைப் பிட்டால் மிளகுபோலக் கறுப்பு விதை நிறைந்து கிடக்கும், சதை கொஞ்சம்தான். அந்தக் காட்டு வாழைகளில் பூக்குலை தொங்கும் இனங்களுக்குப் பெரும்பாலும் வௌவாலும், நிமிர்ந்து நிற்கும் இனங்களுக்குத் தேன்சிட்டு வகைப் பறவைகளும் மகரந்தம் சுமக்கின்றன. தோட்டத்து வாழை ஒரே தாயின் நகல்கள். ரஸ்தாளியை வாடல் நோய் தாக்கினால் தோப்பு முழுக்க ஒரேமாதிரி சாய்வதற்குக் காரணம் அதுதான். நோய் தாங்கும் ரகம் தேடுகிறவர்கள் காலையில் பூ விரியும் நேரத்தில் போய், காட்டு வாழையின் மகரந்தத்தைக் கையால் தடவி, குலை குலையாகப் பழத்தைப் பிசைந்து, விதை அகப்படுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கும் இது பழகிய வேலை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வாழைக்குப் பூச்சி வேண்டாம். ஆனால் பூச்சிக்கு வாழை வேண்டும். மோகனூர் பக்கம் ஒரே நாளில் எல்லோரும் கன்று வைப்பதில்லை. ஒரு தோட்டத்தில் குலை வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் பூ தள்ளும். ஆண்டு முழுக்க எங்கோ ஒரு வாழைப்பூ மடல் திறந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மடலின் அடியிலும் குளிர்ந்த, கொழகொழப்பான தேன். பகலில் தேனீ, தேன்சிட்டு, அணில், இரவில் பழவௌவால். தென்னையும் அப்படித்தான், மாதம் ஒரு பாளை விடும். கோடையில் வேலியெல்லாம் காய்ந்து கிடக்கும்போது பூச்சிகளையும் சிட்டுகளையும் உயிரோடு வைத்திருப்பது இந்தத் தோப்புகள். இங்கே சாப்பிட்டுவிட்டு அவை போய் வேலை செய்வது பக்கத்துப் பந்தலில். வாழைக்குத்தானே என்று பூத்தள்ளும் நேரத்தில் மருந்தடித்தால், செத்துப்போவது பக்கத்துக்காட்டுக்காரரின் வேலையாள்.

பந்தலுக்கு இரண்டு ஷிப்ட்

புடலை, பீர்க்கு, பாகல், சுரை என்று பந்தல் போட்டவர்களுக்கு மகரந்தச் சேர்க்கை பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு உருவம் இருக்கும். மகரந்தம் வந்தால் காய், வராவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அரைகுறையாக வந்தால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பும். அதைப் பார்த்து நுண்ணூட்டக் குறை என்று கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. சத்துக் குறையும் காரணமாக இருக்கலாம்தான். பந்தலில் கால் மணி நேரம் நின்று, பூவுக்கு யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் பாட்டில் செலவு சில சமயம் மிச்சமாகும்.

எப்போது நிற்பது என்பதுதான் சிக்கல். பாகலும் பரங்கியும் காலையில் விரிபவை. வெயில் ஏறினால் பரங்கிப் பூ சுருங்கிவிடும். பீர்க்கு சாயங்காலம்தான் மஞ்சளாக மலரும். சுரையும் புடலையும் இருட்டத் தொடங்கியதும் வெள்ளையாக விரிபவை. புடலைப் பூவின் ஓரமெல்லாம் நூல் நூலாக இழை பிரிந்து நிற்கும். இவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சிகள். சர்க்கரை ஆலையில் ஷிப்ட் மாறுவதுபோலத்தான், தேனீ போனதும் அந்து வருகிறது. 'சாயங்காலம் மருந்தடித்தால் தேனீக்குக் கெடுதல் இல்லை' என்று எல்லோரும் சொல்லும் பொதுவிதி பாகலுக்குப் பொருந்தும், புடலைப் பந்தலுக்குப் பொருந்தாது. இதைச் சொல்லும் துண்டுப் பிரசுரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

முருங்கைக்கு இன்னொரு ஆள். ஆற்றைத் தாண்டினால் கரூர் மாவட்டம்; அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைதான் பிழைப்பு. முருங்கைப் பூவை மொய்க்கும் கூட்டம் பெரிது. ஆனால் மொய்ப்பவர் எல்லாம் வேலை செய்பவர் இல்லை. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சி. சுப்பா ரெட்டியும் உடன் ஆய்ந்தவர்களும் 1990இல் எழுதிய கட்டுரை, முருங்கையில் சரியாக மகரந்தம் சேர்ப்பவை கருவண்டுகளே என்று காட்டியது. பூவின் அமைப்புக்கு அந்த உடம்பின் அளவுதான் பொருந்துகிறது. கருவண்டு காய்ந்த மூங்கிலிலும் பழைய கூரை விட்டத்திலும் துளைபோட்டுக் குடியிருப்பது. ஓட்டுவீடுகளும் மாட்டுக்கொட்டகை மூங்கில்களும் போய், எங்கும் கான்கிரீட்டும் தகரமும் வந்தபோது அதற்கு வீடு போனது. முருங்கைக்காரர் வீடு கட்டும்போது இதையா நினைப்பார்?

கருவண்டைப் பார்க்க எளிய இடம் ஆவாரஞ்செடி. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் ஊசித்துளைபோல ஓட்டைக்குள்ளே அடைபட்டிருக்கும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடச் சற்று உயர்ந்த 'ங்ங்' என்று ஒரு சத்தம். அந்த அதிர்வில் துளையிலிருந்து தூள் பீய்ச்சியடிக்கும். கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே அதிர்வு நல்லது. அங்கே அந்த வேலையைச் செய்பவற்றில் நீலவரித் தேனீ முக்கியமானது, மண்சுவரிலும் வரப்பிலும் வளை தோண்டி வாழ்வது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மகரந்தச் சேர்க்கை என்றதும் அரசாங்கத்துக்கு நினைவு வருவது தேனீப்பெட்டிதான். 2020இல் மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம், தேனுக்கும் வருமானத்துக்கும் உதவும். ஆனால் உலகில் தேனீ இனங்கள் சுமார் 20,000. அவற்றில் பெட்டிக்கு வருபவை விரல்விட்டு எண்ணும் அளவு. பெரும்பாலானவை கூட்டமாகக்கூட வாழாதவை. பல இனங்கள் தரையில் வளை தோண்டி, ஒரு தாய், சில குஞ்சு என்று தனியாகக் குடித்தனம் நடத்துபவை. அவற்றுக்குத் தேவை பெட்டியல்ல, ஜேசிபி ஏறாத வரப்பு.

பூச்சி இல்லாவிட்டால் மனிதன் செய்துகொள்ள முடியாதா? முடியும். சூரியகாந்திக்கு வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் வழி உண்டு: பூக்கும் சமயத்தில் காலை நேரத்தில், பக்கத்துப் பக்கத்துப் பூத்தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும், அல்லது மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பல தடவை. இன்றைய கூலிக்கு இது கட்டுப்படியாகுமா என்று கொங்கு விவசாயியிடம் கேட்டால் சிரிப்பார். மலேசியாவில் எண்ணெய்ப் பனைக்கு ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆள் வேலை தேவையற்றுப் போனது. 1985இல் அது கேரளத்துக்கும் வந்தது. நாம் இலவசம் என்று நினைப்பதற்கு என்ன விலை என்பது, அது இல்லாத ஊரில்தான் தெரிகிறது.

அத்திக்குள்ளே ஒரு குடும்பம்

பயிரை விட்டு ஆற்றங்கரை மரத்துக்கு வந்தால் கதை இன்னும் நுட்பம். 'அத்தி பூத்தாற்போல' என்று பேச்சில் சொல்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை, பூவையெல்லாம் காய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. காவிரிக்கரை அத்தியில் ஒரு இளங்காயைப் பறித்து நீளவாக்கில் பிளந்தால், உள்சுவர் முழுக்க நுண்ணிய பூக்கள் பஞ்சுபோல அடர்ந்திருப்பது தெரியும். நுனியில் செதில் மூடிய ஒரு வாசல். அதற்குள் நுழையக்கூடிய உயிர் ஒன்றுதான்: இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அத்திக் குளவி. பெரும்பாலும் ஒரு வகை அத்திக்கு ஒரு வகைக் குளவி. ஆலுக்கு வேறு, அரசுக்கு வேறு.

பெண் குளவி அந்தச் சந்தில் திணித்துக்கொண்டு நுழையும்போது இறகு ஒடிந்துவிடும். அதற்குப் பிறகு வெளியே வர வழியில்லை. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே சாகும். சில வாரத்தில் குஞ்சுகள் வளர்ந்ததும் முதலில் வருபவை ஆண்கள். அவற்றுக்கு இறகே கிடையாது. பெண்களோடு சேர்ந்துவிட்டு, சுவரில் துளைபோட்டு வழி செய்துகொடுப்பதோடு அவற்றின் ஆயுள் முடிகிறது. பெண்கள் உள்ளேயிருக்கும் ஆண்பூக்களின் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அந்தத் துளை வழியே வெளியேறும். கையில் இருக்கும் நேரம் ஓரிரு நாள். அதற்குள் சரியான பருவத்தில் காய் விட்டிருக்கும் இன்னொரு அத்தியைக் கண்டுபிடித்தாக வேண்டும். காற்றில் ஏறிப் போகும் இவை நமீபியப் பாலைவனத்தில் சுமார் 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் சுமந்திருப்பதை 2009இல் மரபணு ஆய்வு காட்டியது. நம் அத்தியும் அதன் குளவியும் எப்படி வாசனையால் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனே போர்ஹஸ் குழு பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறது.

குளவியின் இந்த அவசரத்தால்தான் அத்தி மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. இந்தக் கரையில் ஒன்று இன்று, அடுத்த வளைவில் ஒன்று அடுத்த மாதம். அதனால் ஆண்டு முழுக்க எங்கோ பழம் இருக்கிறது. குயில், குக்குறுவான், பச்சைப்புறா, மைனா, வௌவால், அணில், விழுந்ததைப் பொறுக்கும் கீரி, ஆற்றில் விழுந்ததைத் தின்னும் மீன் என்று எல்லாவற்றுக்கும் பஞ்ச காலத்தில் சோறு போடுவது இந்த மரம்தான். அந்தச் சோற்றுக்குப் பின்னால் நிற்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி. சாலை அகலப்படுத்தவும் கரை பலப்படுத்தவும் மரங்களை வெட்டும்போது, பத்து மரத்தில் ஐந்தை வெட்டினோம், ஐந்து மிச்சம் என்று கணக்குச் சொல்வார்கள். மரக் கணக்கு அது. குளவிக்குக் கணக்கு வேறு: இந்த வாரம் காய் திறந்திருக்கும் மரம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இல்லையா. மரம் நிற்கும், குளவி அற்றுப்போனால் பழத்தில் விதை இராது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அழகுக்காக நட்ட ஆலமரங்கள் பல காலம் முளைக்கும் விதையே தராமல் நின்றன. அதற்குரிய குளவி எப்படியோ கடல் தாண்டி வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே ஆலங்கன்று தானாக முளைத்தது.

இரவு வேலைக்காரர்களையும் சொல்லாமல் விட முடியாது. மோகனூரின் சிவன் அசலதீபேஸ்வரர், அசையாத தீபத்தின் பெயரைக் கொண்டவர். தமிழ்நாட்டுக் கோயில் விளக்குகள் ஒரு காலத்தில் எரிந்தது இலுப்பை எண்ணெயில். கோயிலுக்கென்று இலுப்பைத்தோப்பு விட்ட ஊர்கள் எத்தனையோ. இலுப்பை இரவில் பூத்து, சதைப்பற்றான பூவை வௌவாலுக்குத் தின்னக் கொடுத்து மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் மரம். இலவம்பஞ்சு மரமும் வௌவாலை நம்பியதே. கோயில் மண்டபத்தில் வௌவால் நாறுகிறது என்று வலைபோட்டு விரட்டுகிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். யாரும் கொல்லலாம், கேள்வியில்லை. அந்தப் பட்டியலை எடுத்தது 2022 திருத்தம். சட்டத்துக்கு விளங்க ஐம்பது ஆண்டு ஆன விஷயம், வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் தமிழ்நாட்டு ஊர்களுக்கு எப்போதோ விளங்கியிருந்தது.

இந்த இரவு வேலைக்குக் காவிரியின் மறுமுனையிலும் ஒரு சாட்சி இருக்கிறது. டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த தரங்கம்பாடியின் பெயரையே தாங்கிய ஒரு கருவண்டு இனத்தை 1804இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பதிவுசெய்தார். அது அமாவாசை இருட்டிலும் பூத்தேடிப் பறக்கும் தேனீ என்பதை ஹேமா சோமநாதனும் போர்ஹஸும் மகாராஷ்டிரக் காட்டில் கண்டறிந்தது இருநூறு ஆண்டுக்குப் பின்.

என்ன ஆயிற்று?

மோகனூரிலிருந்து ஆற்றோடு இறங்கினால் திருச்சி. நியூட்டன் என்ற பாதிரியார் 1911 முதல் 1917 வரை அந்தப் பக்கத்தில் நம் அடுக்குத்தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்து, கிராமத்தாருக்குப் பழக்கினார். இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றே பெயர். அந்தத் தேனீக்கு 1991, 92இல் பேரிடி விழுந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டறிந்த பைப்புழு வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவி, பெட்டிகளில் இருந்த கூட்டங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அழித்தது. மீண்டு வர ஆண்டுகள் பிடித்தன.

நோய் வெளியிலிருந்து வந்தது. மற்றவை நாம் செய்பவை. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கொப்பரையைச் சுற்றித் தேனீ மொய்ப்பதும், பாகில் விழுந்து சாவதும் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் அனுப்பும் ஊர்களில் தெரிந்ததுதான். காபிக்கடை பேப்பர் கப்பும் அப்படியே: இனிப்பு ஒட்டிய கப்பில் இறங்கி ஏராளமான தேனீக்கள் மடிவதை மதுரை ஆய்வாளர்கள் 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். குப்பைத்தொட்டிக்கு ஒரு மூடி போட்டால் தீரும் பிரச்சினை.

பூச்சிமருந்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தேனீக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மூன்று நியோனிக்கோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடுத்தது. அவற்றில் இமிடாக்ளோபிரிட், தயாமீத்தாக்சம் இரண்டும் நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாக விற்பவை. ஆனால் இந்தச் சமவெளியில் அதைவிடப் பெரிய சேதம் களைக்கொல்லியால் என்பது என் கருத்து. பூச்சிமருந்து வந்த பூச்சியைக் கொல்லும். களைக்கொல்லி தும்பையையும் ஆவாரையையும் நெருஞ்சியையும் எரித்து, இனி வரப்போகும் பூச்சிக்கும் சோறில்லாமல் செய்துவிடுகிறது.

மரவள்ளிக்காரர்கள் இதை இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். 2020இல் மாவுப்பூச்சி வந்து சேலம், நாமக்கல் மரவள்ளியைச் சுருட்டியது நினைவிருக்கும். மருந்துக்கு மசியாத அந்தப் பூச்சிக்கு, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வருவித்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அந்தக் குளவியின் குஞ்சு மாவுப்பூச்சியைத் தின்னும். வளர்ந்த குளவி உயிர் வாழப் பூத்தேனும் வேண்டும். வரப்பில் ஒரு பூ இல்லாத காட்டில் அதற்கு என்ன கிடைக்கும்?

செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. பந்தல் போட்டவர்கள், பூ விரியும் வேளையைத் தவிர்த்து மருந்தடிக்கலாம்: புடலை, சுரைக்கு விடிந்து பூ வாடியபின், பாகல், பரங்கிக்குச் சாயங்காலம். கொடிக்கால் ஓரத்தில் இரண்டு அகத்தியைப் பூக்க விடலாம். மாட்டுக்கொட்டகையைப் பிரிக்கும்போது நாலு காய்ந்த மூங்கிலை வேலியில் கட்டிவைத்தால் கருவண்டு குடிவரும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டினால் தீவைக்க ஆள் தேட வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடமானால், பருவம் முடிந்ததும் அதுவே கிளம்பிவிடும்.

ஊராட்சி சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாய்க்கால் கரையும் ஊர்ப் பாதையோரமும் யாருக்கும் சொந்தமில்லாத பூங்காடு. அதில் களைக்கொல்லி அடிக்கக் கூடாது, கரைச் செடிகளைப் பூத்து முடிந்த பிறகே அறுக்க வேண்டும், அத்தியையும் இலுப்பையையும் வெட்ட வேண்டியிருந்தால் ஊரைக் கேட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடலாம். நிதி தேவையில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து இதைச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கிய பிறகு வீட்டுக்குப் போங்கள்.